யானைத் தலைக்குள் சசிதரன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்குள் நுழையும் இடத்தில் கட்டுகிற எந்த பிளெக்ஸ் பேனரை வேண்டுமானாலும் பாருங்கள். கோயில் திருவிழாவாக இருக்கும், கட்சித் தலைவர் பிறந்தநாளாக இருக்கும், நடிகரின் புதுப் படமாக இருக்கும், யார் வீட்டிலாவது பெண் வயதுக்கு வந்த விசேஷமாகவும் இருக்கும். கடைசி வரிசையில் வலது மூலையில், தபால்தலை அளவுக்கு ஒரு முகம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி இருக்கும். அதுதான் சசிதரன். எங்கள் பக்கம் டவர் வருவதற்கு முன்னால் சிக்னலே கிடையாது, அப்போதும் இதே போஸ்தான். யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

சேரங்கோட்டுக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கட்டிய லைன் வீடுகளில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள். அவன் மேல் லைன், நான் கீழ் லைன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தேன். அவன் எட்டாம் வகுப்போடு ஊருக்கு உழைக்கக் கிளம்பிவிட்டான். அவன் வீட்டில் எல்லோரும் வேலை செய்தார்கள், அவன் மட்டும் உறுப்பினராக இருந்தான். ரசிகர் மன்றத்தில் உறுப்பினர், விழாக் கமிட்டியில் உறுப்பினர், ஒரே சமயத்தில் இரண்டு கட்சிகளில் உறுப்பினர். அவன் மனைவி சரிதா பறித்த கொழுந்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கேட்டால், "அவரு பொதுக்காரியமா போயிருக்காரு டீச்சர்" என்பாள். அவளையும் நாலு வார்த்தை திட்டலாம்தான். ஆனால் திட்டு வாங்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

கூடலூர்ப் பக்கம் பந்து விளையாட்டு என்றால் செவன்ஸ்தான். ஒரு பக்கம் ஏழு பேர், கயிறு கட்டிய மைதானம், பெட்ரோமாக்ஸ் போய் வந்த டியூப் லைட், மழையில் நனைந்தபடி மலையாளத்திலும் தமிழிலும் வைகிற கூட்டம். அங்கே மைக் பிடிக்கிற வேலை சசிதரனுக்குக் கிடைத்தது. வேறு யாரும் அவ்வளவு நேரம் கத்தத் தயாராக இல்லை என்பதுதான் அவனுடைய தகுதி. பந்தைப் பற்றி "இதோ போகுது, இதோ வருது" என்பதைத் தாண்டி அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மூச்சுக்கு ஒரு தரம், "மைக்கில் உங்கள் சசிதரன்" என்று சொல்லிக்கொள்வான். அவனைத் தவிர வேறு யாரும் அவன் பெயரை மைக்கில் சொன்னதில்லை. அந்தக் குறை அவன் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது. ஒரு கூட்டம் தன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், அதைக் கேட்டுவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறான். நாற்பதை நெருங்குகிற ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆதித்யா வந்து சேர்ந்தான். அப்பாவுக்குக் குன்னூரில் ரிசார்ட், கோயமுத்தூரில் மில். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பையனுக்கு எதையாவது நடத்தியாக வேண்டும். காபிக் கடை நடத்தினான், சைக்கிள் பந்தயம் நடத்தினான், இரண்டும் சலித்ததும் பந்துக்கு வந்தான். கிளப்புக்குக் கொம்பன் யானையை வைத்து 'நீலமலை கொம்பன்ஸ்' என்று பெயர். 'மலையின் மக்கள், மலையின் அணி' என்று ஊட்டியிலிருந்து கூடலூர் வரை சுவரெல்லாம் எழுதினார்கள். அணியில் மலையில் பிறந்தவர்களைத் தேடினால் ஒரு மாற்று கோல்கீப்பர் கிடைத்தான். அவனும் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு சீசனை முடித்தான். மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, குளிர் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மலையின் மைந்தர்களாக விளையாடினார்கள்.

ரசிகர்களைப் பிடித்துத் தருவதற்கென்றே மனிஷா என்று ஒரு பெண்ணைக் கோவையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். கெட்டிக்காரப் பெண், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ஆட்டத்துக்குத் தோட்டம் தோட்டமாக பஸ் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஏற்றிப் போகிறார்கள் என்றதும் எங்கள் ஜனம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறிவிட்டது. மைதானத்து வாசலில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். வெந்நீரில் நூல் கட்டித் தொங்கவிட்ட பொட்டலம். வாழ்க்கை முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள் அந்த நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். படம் எடுப்பதற்கு மூங்கில் கூடைகளை வாடகைக்குக் கொண்டுவந்து அவர்கள் முதுகில் மாட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் கூடை போய்ச் சாக்கும் கொழுந்து வெட்டும் கத்தரியும் வந்து காலம் ஆகிவிட்டது. ஆனால் மலையைப் பற்றி மலைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அந்தக் கிளப்பில் யாருக்கும் இல்லை.

ஆட்டம் தொடங்கியதும்தான் மனிஷாவுக்குப் பிரச்சினை தெரிந்தது. கூட்டம் வந்ததே தவிர சத்தம் வரவில்லை. வேர்க்கடலை தோலுரித்துக்கொண்டு, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, மரியாதையாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சென்னையில் யாரோ பாடிய அணிப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு வாய்கூட அசையவில்லை. இவர்களை அசைக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று தேடியபோது, செவன்ஸ் மைக்கோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான் சசிதரன்.

அவனுக்குக் கொடுத்த வேலை யானை வேஷம். பஞ்சு அடைத்த பெரிய சாம்பல்நிறத் தலை, தும்பிக்கை, கொம்பு, தூண் மாதிரி இரண்டு கால். அதை மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டைச் சுற்றிக் குதிக்க வேண்டும். அவன் அந்தத் தலையை லைனுக்கே கொண்டுவந்து, வாசலில் வைத்து, ஈரத்துணியால் துடைத்தான். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டு வாசலில் அவன் அண்ணி தெய்வம்மா நின்றாள். அவள் புருஷன் ரவிக்குமார், அதாவது சசிதரனின் கூடப்பிறந்த அண்ணன், யானை மிதித்துச் செத்தவன்.

ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் பனிமூட்டத்தில் நடந்து வந்தவன். அவனைப் பொறுக்கித்தான் எடுத்தார்கள். அந்த வீட்டின் கண்முன்னே அந்தத் தலையை வைத்துத் துடைக்கிறான் தம்பி. தெய்வம்மா தன் மகள் இந்துமதியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானாக இருந்தால் அந்தத் தலையை அடுப்பில் வைத்திருப்பேன்.

ரவிக்குமார் செத்ததற்கு எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான். அன்றைக்குக் குரல் இல்லை. இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். லைன் பக்கம் யானை வந்தால், முதலில் பார்த்தவர் குரல் கொடுக்க வேண்டும். "சாமி போ... காடு பாத்துப் போ..." என்று இழுத்து ஒரு குரல், பிறகு தகரத்தில் தட்டல். அதைக் கேட்ட பக்கத்து வீடு உடனே வாங்கிச் சொல்லும். அதற்கடுத்த வீடு, அடுத்த லைன் என்று கண்மூடித் திறப்பதற்குள் குரல் கீழே ரோடு வரைக்கும் இறங்கிவிடும். நடந்து போகிறவர்கள் அருகில் இருக்கும் வீட்டுக்குள் புகுந்துகொள்வார்கள். வீடுகளில் விளக்கு எரியும். கீழ் லைன் ஆண்கள் தீப்பந்தமும் பட்டாசும் எடுத்துக்கொண்டு கூட்டமாக ஏறி வருவார்கள். யானை எங்கே நிற்கிறது என்று பனியில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அதனால் அந்தக் குரலை விளையாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சண்டையில் கூடாது, கூத்தில் கூடாது, குடித்துவிட்டும் கூடாது. எங்கள் ஊர்க் குடிகாரர்கள் எல்லாக் கெட்ட வார்த்தையும் சொல்வார்கள், அந்தக் குரலை மட்டும் தொட மாட்டார்கள். பிள்ளைகளைப் பெரும்பாலும் அடிக்காமல் வளர்க்கிற வீட்டிலும் இதற்கு மட்டும் அடி விழும்.

சசிதரன் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். கூட்டம் கத்துவதற்கு ஏதாவது உள்ளூர் கோஷம் வேண்டும், உங்கள் ஊரில் யானை வந்தால் என்ன சொல்வீர்கள் என்று மனிஷா கேட்டிருக்கிறாள். அவள் கேட்டதில் தப்பில்லை, அவளுக்கு என்ன தெரியும். இவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இழுத்துக் காட்டினான். ஆதித்யா கையைத் தட்டி, "ஏனுங்க சசி, இத்தன நாளா இத எங்கெ வெச்சிருந்தீங்க?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டானாம். இதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னதும் சசிதரன்தான். அண்ணன் செத்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போகிறான்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணி மைதானத்துக்குள் வந்ததும் யானை வேஷத்தில் இவன் கையைத் தூக்கினான். கூடலூர் டவுன் பையன்கள் கையில் தகர டப்பாவைக் கொடுத்திருந்தார்கள். "சாமி போ... காடு பாத்துப் போ..." என்று ஒரு பக்கம் தொடங்க, மறுபக்கம் வாங்கிச் சொல்ல, மைதானம் அதிர்ந்தது. எதிரணியைத் திரும்பிப் போகச் சொல்வதற்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எங்கள் தோட்டத்து ஜனம் உட்கார்ந்திருந்த பகுதியில் மட்டும் பெண்கள் திடுக்கிட்டு எழுந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அதையும் கேமராவில் எடுத்து, 'எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் தாய்மார்கள்' என்று போட்டார்கள்.

கிளப் அதற்குப் பிறகு வளர்ந்தது. ஜெயித்ததா தோற்றதா என்று யாரும் பார்க்கவில்லை. கோஷம் ஊர் ஊராகப் போனது, ரிங்டோனாக வந்தது. கம்பளி மப்ளரில் நெய்து விற்றார்கள். என் வகுப்பில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டு ஓடின. நான் ஸ்கேலை எடுத்தால், "சசி மாமா சொல்றாரே டீச்சர்" என்றன. சசி மாமாவுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கழுத்தில் புது அட்டை மாட்டினார்கள். அதைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்கிறான் என்று சரிதா முதல் தடவையாக என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

பலாப்பழம் பழுக்கத் தொடங்கியது. எங்களுக்கு அது யானை வருகிற காலம். மேல் லைன் பெண்களைக் கூட்டிக்கொண்டு தெய்வம்மா சசிதரன் வாசலுக்குப் போனாள். கத்தவில்லை, திட்டவில்லை. அந்தக் குரலை விட்டுவிட்டு வேறு எதையாவது கத்தச் சொல், இப்போதே பிள்ளைகள் கத்தும்போது எது நிஜம் என்று தெரியாமல் உயிர் போய் உயிர் வருகிறது என்று கேட்டாள். தம்பி என்றுதான் அப்போதும் கூப்பிட்டாள். அவன் நெஞ்சில் கையை வைத்து, கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றான். அடுத்த வாரம் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன், மாற்றப் போகிறார்கள் என்றான்.

மனிஷா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இலவச ஜெர்சி கொடுக்க வந்தபோது நானே கேட்டேன். அப்படி யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்றாள். பிறகு, "இது உங்க கல்ச்சர்தானே மேடம், நாங்க அதைக் கொண்டாடத்தானே செய்றோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். மாலையில் தெய்வம்மாவிடம் போய், உன் கொழுந்தன் வாயே திறக்கவில்லை, உன்னிடம் சொன்னதெல்லாம் பொய் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அவன் கேக்க மாட்டான் டீச்சர். அந்தத் தலைக்குள்ள அவனுக்குச் சொகமா இருக்கு."

அரையிறுதி ஆட்டம் கூடலூரில் நடந்தது. கொம்பன்ஸ் ஜெயித்துவிட்டார்கள், எப்படியோ. பொழுது சாயும் நேரத்தில் ஜீப்புகளில் ரசிகர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு எங்கள் டிவிஷனுக்குள் வந்தார்கள். முதல் ஜீப்பின் பானெட்டில் யானை வேஷத்தோடு சசிதரன் உட்கார்ந்திருந்தான். லைன் லைனாகக் கோஷம் போட்டுக்கொண்டு போய், ரோட்டடிக் கடையில் இறங்கி பஜ்ஜி தின்னத் தொடங்கினார்கள். கீழ் லைனில் எல்லோரும், "இவனுக தொல்லை தாங்கல" என்று கதவைச் சாத்திவிட்டு டிவி பார்த்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

மேல் லைனுக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்துக்கு வந்த யானை, பழத்தைத் தின்றுவிட்டு, உப்பு வாசனைக்குத் தெய்வம்மா வீட்டு அடுக்களைச் சுவரில் நெற்றியை வைத்தது. லைன் கடைசி வீடு அது. உள்ளே தெய்வம்மாவும் இந்துமதியும் இருந்தார்கள். தெய்வம்மா முறைப்படி குரல் கொடுத்தாள். "சாமி போ... காடு பாத்துப் போ..." தகரத்தையும் தட்டினாள். மேல் லைன் வீடுகள் வாங்கிச் சொல்லின. குரல் சரியாகக் கீழே இறங்கியது. ஜீப்பில் வந்தவர்கள்தான் மறுபடி கத்துகிறார்கள் என்று கீழ் லைனில் ஒரு கதவும் திறக்கவில்லை. ரோட்டடிக் கடையிலிருந்து பையன்கள் தகரத்தைத் தட்டி, "கொம்பன்ஸ், கொம்பன்ஸ்" என்று திருப்பிக் கத்தினார்கள். அவள் மறுபடியும் குரல் கொடுத்தாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

சுவர் சரிந்தது. ஓடு விழுந்து இந்துமதியின் நெற்றி கிழிந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மகளைத் திணித்து, அவள் மேல் தானும் கவிழ்ந்துகொண்டு, தெய்வம்மா வாயில் வந்ததைக் கத்தினாள். வந்தது அவன் பெயர். "சசிதரா... டேய் சசிதரா..." அதில் ராகம் இல்லை, தகரம் இல்லை. கொழுந்தனைத் தம்பி என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள், தொண்டை கிழியக் கத்திய பெயர்.

அந்தச் சத்தத்துக்குத்தான் கீழ் லைன் கதவுகள் திறந்தன. யானைக்குத் திறக்காத கதவுகள். அண்ணிக்காரி கடைசியில் அவனைப் போட்டு மிதிக்கிறாள், போய்ப் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆசையாக ஓடினார்கள். நானும்தான் ஓடினேன், பொய் சொல்வானேன். பாதி ஏற்றத்தில் மரம் முறிவதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. பந்தம் கொளுத்தினார்கள், பட்டாசு போட்டார்கள், உண்மையான குரலை உண்மையாகக் கொடுத்தார்கள். யானை தன்பாட்டில் சரிவில் இறங்கிப் போனது.

ரோட்டடியிலிருந்து சசிதரனும் ஓடிவந்திருந்தான். தலையைக் கழற்றியிருந்தான், தூண் கால்களைக் கழற்ற நேரமில்லை. அவற்றோடு சாக்கடையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றான். இடிந்த சுவர் வழியாகத் தெய்வம்மா மகளை வெளியே கூட்டி வந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனை அடிக்கவில்லை. கூடியிருந்த எங்களுக்கு அதில் ஒரு ஏமாற்றம்கூட இருந்தது.

"இனிமே ஆன வந்தா ஒன் பேரச் சொல்லித்தான் கத்துவோம்" என்றாள். "அதுக்குத்தான் இந்த ஊரு எந்திரிச்சு வருது. அதையும் கொண்டுபோயி வித்துராத."

கோபத்தில் சொன்னாள் என்று நினைத்தோம். ஆனால் மறுநாள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடத்தில், பெண்கள் அதைப் பேசி முடிவாக்கினார்கள். பழைய குரல் கெட்டுப்போய்விட்டது. அதைக் கேட்டு யாரும் இனி நம்பப் போவதில்லை. புதிதாக எது வைத்தாலும் பிள்ளைகள் பழக நாளாகும். இது ஏற்கெனவே ஒருமுறை வேலை செய்திருக்கிறது. அந்த வாரமே கீழே ஓடையில் யானை நின்றபோது, "சசிதரா போ... காடு பாத்துப் போ..." என்று குரல் வந்தது. லைன் மொத்தமும் விளக்கைப் போட்டது. சசிதரன் வீட்டு விளக்கு மட்டும் அன்று எரியவில்லை. சரிதா சொன்னாள், கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு படுத்திருந்தானாம்.

நல்ல தண்டனை என்று நான் சந்தோஷப்பட்டேன். கிளப் அந்தச் சந்தோஷத்தையும் கெடுக்கப் பார்த்தது. ஜீப்பில் வந்த எவனோ, பஞ்சுக் காலோடு இவன் மேட்டில் ஓடியதை வீடியோ எடுத்து வைத்திருந்தான். 'நிஜ யானையை எதிர்த்து ஓடிய எங்கள் யானை' என்று கிளப்பே அதைப் போட்டது. சாக்கடையில் விழுந்த பகுதியை வெட்டிவிட்டார்கள். ஒரே நாளில் லட்சக்கணக்கானவர்களுக்கு சசிதரன் வீரனாகிவிட்டான். இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அவனை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, மொத்தக் கூட்டத்தையும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தவைப்பது என்று ஆதித்யா முடிவு செய்தான். லைனில் இப்போது அவன் பெயரைச் சொல்லித்தான் யானை விரட்டுகிறார்கள் என்பது தெரிந்ததும் மனிஷா துள்ளிக் குதித்திருக்கிறாள். பழைய கோஷம் எல்லா ஊரிலும் சலித்துப்போய்விட்டது, புதிது தானாக வந்து வாசலில் நிற்கிறது.

அவள் மேல் லைனுக்கு வந்த அன்று நான் தெய்வம்மா வீட்டில் இருந்தேன். இந்துமதியின் நெற்றித் தையலைப் பார்க்கப் போயிருந்தேன். லைன் வீட்டுச் சுவருக்கு ரகசியம் தாங்காது, அதிலும் பாதி சுவர் தார்ப்பாய். பக்கத்து வீட்டில் மனிஷா லேப்டாப்பைத் திறந்து பிளெக்ஸ் டிசைனைக் காட்டுவது கேட்டது. மேலிருந்து கீழ்வரை சசிதரன் முகம் மட்டும். ஓரத்தில் வேறு எந்த முகமும் இல்லை. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று ஊரிலும் வைக்கப் போகிறோம் என்றாள். மைதானம் முழுக்க உங்கள் பெயர்தான், மைக்கில் நானே தொடங்கிவைக்கிறேன் என்றாள்.

தெய்வம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் மெதுவாக, கேட்டுக்கோ, இப்ப வித்துருவான் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து அவன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது இதற்குத்தான்.

 அப்புறம் அவன் குரல் வந்தது, மைக் குரல் இல்லை, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும் குரல்.

"பேரத் தர முடியாதுங்க மேடம். அது லைனுக்கு வேண்டியிருக்கு."

மனிஷாவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். அவன் மறுபடியும் அதையே சொன்னான். ஆளாக வேண்டுமானால் வந்து குதிக்கிறேன், பெயரை மட்டும் கத்த வேண்டாம் என்றான். பிறகு மனிஷா ஆதித்யாவை போனில் பிடித்துக் கொடுத்தாள். அந்தப் பக்கம் என்ன பேசினான் என்று தெரியாது, இந்தப் பக்கம் இவன், "இல்லீங்க சார், இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அழுதான் என்றும் நினைக்கிறேன். தெய்வம்மா எழுந்து போய் உலைக்கு அரிசி போட்டாள்.

கிளப் வேன் வந்து யானைத் தலையை எடுத்துக்கொண்டு போனது. கழுத்து அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் பந்தலூர்ப் பையன் ஒருவன் அந்த வேஷத்தில் குதித்தான், கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொம்பன்ஸ் தோற்றார்கள். பழைய கோஷத்தையே கத்தினார்கள், இப்போதும் அதைத்தான் கத்துகிறார்கள். அது அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆதித்யா அடுத்து என்ன நடத்துவான் என்று பார்க்க வேண்டும்.

இதற்காக சசிதரனை நல்லவன் என்று சொல்ல நான் தயாராக இல்லை. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதுதான். இப்போது தினக்கூலிக்குக் கத்தரி பிடிக்கிறான், அதையும் சரியாகப் பிடிப்பதில்லை என்று கங்காணி என்னிடமே புகார் சொல்கிறார். தெய்வம்மா அவனோடு பேசுவதில்லை. இடிந்த சுவரைக் கட்டும்போது அவன் கல் சுமந்தான், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் பொழுது சாயும் நேரத்தில், திருத்திய நோட்டுகளை இந்துமதியிடம் கொடுக்க மேல் லைனுக்குப் போயிருந்தேன். பனி நன்றாக இறங்கிவிட்டிருந்தது. பலா மரத்துப் பக்கமிருந்து தெய்வம்மாவின் குரல் வந்தது. "சசிதரா போ... காடு பாத்துப் போ..." நான் அருகிலிருந்த வீட்டுக்குள் புகுந்தேன். அது அவன் வீடு. குரலை வாங்கிச் சொல்ல வேண்டிய அடுத்த வீடு. சரிதா இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவன் அடுப்படியில் இருந்த தகரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு கீழ் லைனைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்தினான்.

"சசிதரா போ... காடு பாத்துப் போ..."

கீழே ஒவ்வொரு வீடாக அவன் பெயரை வாங்கிச் சொல்லத் தொடங்கியது. ஊரே அவன் பெயரைக் கத்தியது. அவன் தகரத்தைத் தட்டிக்கொண்டே நின்றான்.